காண்ட்ராஸ்ட் ஊசிக்குப் பின் அரிதாக வரும் விளைவுகள்: முதல் நிமிடத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை கவனிக்க வேண்டியவை

கையில் வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் குழாய் ஊசி) போட்டு, இன்ஜெக்டர் வழியாக 80 மி.லி. காண்ட்ராஸ்ட் (ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து, பேச்சு வழக்கில் "டை") ஏற்றி, பத்து நிமிடத்தில் சி.டி. முடிந்து நோயாளி வீட்டுக்குப் போய்விடுகிறார். மறுநாள் காலையில் இரண்டு தாடைக்குக் கீழும் வீங்கியிருக்கிறது. அவர் போவது பல் டாக்டரிடம். அங்கே யாரும் "சமீபத்தில் டை போட்டு ஸ்கேன் எடுத்தீர்களா?" என்று கேட்பதில்லை. ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. வீக்கம் தானாக வடிகிறது, மருந்துக்குப் பேர் கிடைக்கிறது. அடுத்த முறை காண்ட்ராஸ்ட் ஏற்றும்போது மறுபடியும் அதே வீக்கம்.

அரிய விளைவுகளில் முதல் சிக்கல் இதுதான்: வந்ததைக் காண்ட்ராஸ்ட்டோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியை நோயின் பெயர் வரிசையில் எழுதவில்லை. ஊசி ஏறிய நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும் வரிசையில் எழுதியிருக்கிறோம். ஸ்கேன் மைய டெக்னீஷியன், செவிலியர், டூட்டி டாக்டர் ஆகியோருக்காக எழுதியது. துணைக்கு வரும் குடும்பத்தாருக்கும் பல இடங்கள் பயன்படும். மருந்தளவுகள் வரும் இடங்களில் முடிவு எடுக்க வேண்டியவர் பணியிலிருக்கும் மருத்துவர்.

எவ்வளவு அரிது?

ஜப்பானில் 3,37,647 பேரைக் கணக்கெடுத்து கட்டயாமா குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படை. பழைய அயனி வகை காண்ட்ராஸ்ட்டில் 12.66 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு விளைவு வந்தது. அயனியற்ற வகையில் 3.13 சதவீதம். கடுமையான விளைவு முன்னதில் 0.22, பின்னதில் 0.04 சதவீதம். அதாவது அயனியற்ற காண்ட்ராஸ்ட்டில் பத்தாயிரத்தில் சுமார் நான்கு பேர். எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கடோலினியத்தில் இன்னும் குறைவு. ஆனால் ஒரு நாளைக்கு முப்பது காண்ட்ராஸ்ட் சி.டி. எடுக்கும் மையத்தில் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் ஊசி ஆகிறது. நான்கு முறை நிச்சயம் வரும் என்று வைத்துக்கொண்டுதான் தயாராக இருக்க வேண்டும்.

உடம்பு முழுக்கச் சூடு பரவுவது, வாயில் உலோகச் சுவை, சிறுநீர் வந்துவிட்டதுபோல உணர்வு, லேசான குமட்டல் ஆகியவை ஒவ்வாமை கிடையாது. ஓரிரு நிமிடத்தில் போய்விடும். இவற்றை "அலர்ஜி" என்று ஃபைலில் எழுதிவிட்டால், பின்னால் அவசரமாகத் தேவைப்படும் ஸ்கேன் அவருக்கு மறுக்கப்படும்.

ஊசிக்கு முன்

படி 1. சரியான கேள்வியைக் கேளுங்கள். "அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். "இதுக்கு முன்னாடி டை போட்டு ஸ்கேனோ ஆஞ்சியோவோ எடுத்திருக்கீங்களா? அப்போ தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் எதுவும் வந்துச்சா? அன்னைக்கு ராத்திரியோ அந்த வாரத்திலோ உடம்புல எதாவது மாற்றம்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தாமதமாக வரும் விளைவுகளைப் பிடிக்க அது ஒன்றே வழி.

கூடவே ஆஸ்துமா, தைராய்டு கட்டி, சிறுநீரகக் குறைபாடு, டயாலிசிஸ், மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் தளரும் நோய்), பீட்டா பிளாக்கர் (நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும்) மாத்திரை ஆகியவற்றையும் விசாரியுங்கள். ஒவ்வொன்றும் கீழே வரும் ஏதோ ஒரு விளைவோடு தொடர்புடையது.

படி 2. "அயோடின் அலர்ஜி" என்ற சொல்லை நம்பி நிற்காதீர்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் அவற்றிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். அதற்கும் காண்ட்ராஸ்ட்டுக்கும் தனித்த தொடர்பு இல்லை. புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் எரிச்சலும் அப்படித்தான். உண்மையில் எந்த மருந்துக்கு என்ன வந்தது என்பதைத் தோண்டி எடுங்கள்.

படி 3. டெஸ்ட் டோஸ் வேண்டாம். அரை மி.லி., ஒரு மி.லி. நரம்பில் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது எதையும் முன்கூட்டிச் சொல்லாது. ஒன்றும் ஆகாதவருக்கு முழு அளவில் அதிர்ச்சி வந்திருக்கிறது. அந்தச் சிறு அளவிலேயே உயிர் போனதும் உண்டு. டெஸ்ட் டோஸ் பார்த்தாயிற்று என்ற தைரியத்தில் கண்காணிப்பைத் தளர்த்துவதுதான் பெரிய ஆபத்து.

படி 4. முன்பு உடனடி ஒவ்வாமை வந்திருந்தால், காண்ட்ராஸ்ட் இல்லாத வேறு ஸ்கேன் போதுமா என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். போதாது என்றால், வேறு காண்ட்ராஸ்ட்டுக்கு மாறுவதுதான் முதல் உத்தி. அதற்கு முன்பு போட்டதன் பெயர் வேண்டும். அயோஹெக்சாலுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு அயோடிக்சனாலைப் போடுவது நல்ல மாற்று ஆகாது. இரண்டின் பக்கச் சங்கிலியும் ஒன்றுபோல இருப்பதால் குறுக்கு ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம். அமெரிக்க முறைப்படி ஸ்டீராய்டு மருந்தான ப்ரெட்னிசோன் 50 மி.கி.யை 13, 7, 1 மணி நேரம் முன்பாகக் கொடுப்பது உண்டு. ஐரோப்பிய வழிகாட்டுதல் இதை இப்போது பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு கொடுத்த பிறகும் ஒவ்வாமை வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

படி 5. ட்ரேயைத் திறந்து பாருங்கள். அட்ரினலின் 1 மி.கி./1 மி.லி. ஆம்பூல் குறைந்தது ஐந்து, 2 மி.லி. சிரிஞ்ச், தொடைச் சதை வரை போகும் ஊசி, ஆக்சிஜன், மாஸ்க், ஆம்பு பேக், நார்மல் சலைன், சால்புட்டமால் நெபுலைசர், அட்ரோபின். பெனிரமைனும் ஹைட்ரோகார்டிசோனும் எல்லா ட்ரேயிலும் நிரம்பிக் கிடக்கும்; காணாமல் போவது அட்ரினலின்தான். ஆம்பூல் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ நிறம் மாறியிருந்தால், காலாவதி தேதி மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

ஊசி ஏறும் அரை நிமிடம்: நரம்புக்கு வெளியே கசிவது

80 மி.லி.யை வினாடிக்கு 3 மி.லி. வேகத்தில் ஏற்றினால் 27 வினாடியில் முடிந்துவிடும். வென்ஃப்ளான் நரம்பை விட்டு விலகியிருந்தால், "கை வலிக்குது" என்று நோயாளி சொல்லி முடிப்பதற்குள் பாதி மருந்து தோலுக்கடியில் போயிருக்கும். அதனால் அதே வேகத்தில் முதலில் 20 மி.லி. சலைன் ஏற்றிப் பாருங்கள். காண்ட்ராஸ்ட் தொடங்கியதும் முதல் பத்துப் பதினைந்து வினாடி ஊசி முனைக்குச் சற்று மேலே இரண்டு விரலை வைத்திருங்கள். தோல் விரலுக்கடியில் உப்பினால் உடனே நிறுத்துங்கள். ஆஞ்சியோ வேகத்துக்கு முழங்கை மடிப்பில் பச்சை அல்லது பிங்க் வென்ஃப்ளான். புறங்கை நரம்பில் நீல வென்ஃப்ளானோடு வினாடிக்கு 4 மி.லி. வேண்டாம். காண்ட்ராஸ்ட்டை 37 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால் பாகுத்தன்மை குறைந்து அழுத்தமும் குறையும்.

கசிந்துவிட்டால் கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வையுங்கள், குளிர் ஒத்தடம் கொடுங்கள், எல்லையைப் பேனாவால் வரைந்து நேரம் எழுதுங்கள். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முயற்சியால் பயன் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

அரிதாக வருவது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்: சதையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நசுங்குகிறது. வெளியே எத்தனை மி.லி. போனது என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. கையைத்தான் பார்க்க வேண்டும். விரல்களை மெல்ல நீட்டிப் பாருங்கள். அப்போது முன்கையில் தாங்க முடியாத வலி எடுத்தால், விரல் மரத்துப் போனால், தோல் கொப்பளித்தால், அழுத்திவிட்ட நகத்தில் ரத்தம் திரும்பத் தாமதமானால், அப்போதே அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். நாடி போவது கடைசிக் கட்டம்.

முதல் இருபது நிமிடம்: அனஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை)

பெரும்பாலான உயிராபத்து எதிர்வினைகள் முதல் இருபது நிமிடத்துக்குள் தொடங்கிவிடும். தும்மல், தொண்டை அரிப்பு, குரல் கரகரப்பு, முகம் சிவப்பது, "எனக்கு என்னமோ பண்ணுது" என்ற சொல். இவை முன்னறிவிப்பு. சில சமயம் தோலில் ஒன்றுமே தெரியாமல் நேராக ரத்த அழுத்தம் விழும். தடிப்பு வந்தால்தான் அலர்ஜி என்று காத்திருந்து இழந்த உயிர்கள் உண்டு.

மேசையில் நடக்க வேண்டிய வரிசை இது:

1. இன்ஜெக்டரை நிறுத்துங்கள். வென்ஃப்ளானை எடுக்காதீர்கள்.
2. உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு, நேரத்தைச் சத்தமாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.
3. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்குங்கள். மூச்சுத் திணறல் அதிகமானால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நிற்கவோ நடந்து வெளியே வரவோ விடாதீர்கள். திடீரென நிமிர்ந்த நொடியில் இதயம் நின்றுபோயிருக்கிறது.
4. மூச்சு, தொண்டை, ரத்த அழுத்தம் இவற்றில் ஒன்று பாதித்தாலும் அட்ரினலின். பெரியவருக்கு 1 மி.கி./மி.லி. ஆம்பூலிலிருந்து 0.5 மி.லி.; 6 முதல் 12 வயது வரை 0.3 மி.லி.; ஆறு மாதம் முதல் 6 வயதுக்குள் 0.15 மி.லி. தொடையின் வெளிப்பக்க நடுச் சதையில் நேராகக் குத்துங்கள். பேன்ட் மேலேயே குத்தலாம்.
5. மாஸ்க்கில் ஆக்சிஜன் நிமிடத்துக்கு 10 லிட்டர். சலைன் பெரியவருக்கு 500 முதல் 1000 மி.லி. வேகமாக.
6. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் அதே அளவு அட்ரினலின் மீண்டும்.

பல இடங்களில் நடப்பது வேறு. முதலில் அவில் (பெனிரமைன்), பிறகு ஹைட்ரோகார்ட், பிறகு டெக்ஸா, அதற்குப் பிறகும் பி.பி. ஏறவில்லை என்றால் அட்ரினலின். இந்த வரிசை தலைகீழ். பெனிரமைன் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். தொண்டை வீக்கத்தைத் திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யவே பல மணி நேரம் ஆகும். சதையில் போடும் 0.5 மி.கி. அட்ரினலினால் வரும் படபடப்பு சில நிமிடத்தில் அடங்கிவிடும். அதைத் தாமதிப்பதால் வருவதைத் திருப்ப முடியாது. அட்ரினலினைக் கண்டு பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: அதே நீர்க்காத ஆம்பூலை நரம்பில் தள்ளுவது. அது ஆளைக் கொல்லும்.

பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு அட்ரினலின் சரியாகப் பிடிக்காமல் போகலாம். இரண்டு டோஸுக்கும் மசியவில்லை என்றால் குளுக்ககான் 1 முதல் 5 மி.கி. நரம்பில் ஐந்து நிமிடத்துக்கு மெதுவாக. வாந்தி வரும், தலையைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

வேகஸ் மயக்கத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க நாடியைப் பாருங்கள். அனஃபிலாக்சிஸில் நாடி வேகமாக ஓடும். ஊசியைக் கண்டு பயந்து வரும் மயக்கத்தில் பி.பி. குறையும்போதே நாடியும் 50-க்குக் கீழே இறங்கும். காலைத் தூக்கிச் சலைன் கொடுத்தாலே தேறிவிடுவார், தேறாவிட்டால் அட்ரோபின் 0.6 மி.கி. நரம்பில். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு மட்டும் இந்த வித்தியாசம் ஏமாற்றும், ஏனென்றால் அவர் நாடி அனஃபிலாக்சிஸிலும் ஏறாமல் இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. அறையில் இது நடந்தால் முதல் வேலை நோயாளியைக் காந்த அறைக்கு வெளியே இழுத்து வருவது. பதற்றத்தில் இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடியவர்களால் உயிரே போயிருக்கிறது. உயிர்காப்பு முயற்சி எல்லாம் கதவுக்கு வெளியே.

தேறிய பிறகும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம். ஒரு டோஸுக்கு மேல் அட்ரினலின் தேவைப்பட்டவரை ஒரு நாள் வார்டில் வையுங்கள்.

பலரும் விட்டுவிடும் ஒரு வேலை ரத்தத்தில் ட்ரிப்டேஸ் (ஒவ்வாமையில் மாஸ்ட் செல் எனும் செல்கள் வெடிக்கும்போது வெளிவரும் நொதி) எடுப்பது. அறிகுறி தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு மாதிரி, நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. முதல் அளவு, இரண்டாவதின் 1.2 மடங்கோடு 2 நானோகிராம்/மி.லி. கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தால் உண்மையான மாஸ்ட் செல் வெடிப்பு நடந்திருக்கிறது. பின்னால் அலர்ஜி மருத்துவர் தோல் பரிசோதனை செய்யும்போது, ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்வது நல்லது, இந்த ஒரு எண் மிகப் பெரிய துணை.

நெஞ்சு வலியோடு வரும் ஒவ்வாமை

தடிப்பும் அரிப்பும் இருக்கும்போதே நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்னால் ஈ.சி.ஜி. எடுங்கள். இதற்குக் கோனிஸ் சிண்ட்ரோம் என்று பெயர். 1991-இல் கோனிஸ், சவ்ராஸ் இருவரும் விவரித்தது. மாஸ்ட் செல்லிலிருந்து கொட்டும் ஹிஸ்டமின் முதலானவை இதய ரத்தக்குழாயைச் சுருக்குகின்றன. ஏற்கெனவே படிவு இருந்தால் அது உடைந்து கட்டியும் அடைக்கலாம். முழுக்க ஆரோக்கியமான குழாய் உள்ள இளைஞருக்கும் வரும். மாரடைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் மார்ஃபின் மாஸ்ட் செல்லை மேலும் கிளறும். பீட்டா பிளாக்கர் குழாய்ச் சுருக்கத்தைக் கூட்டும். இரண்டையும் தவிர்த்து, இதய மருத்துவரை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் விழுந்து அனஃபிலாக்சிஸ் தெளிவாக இருந்தால் அட்ரினலினைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் சில மணி நேரம்: கண் தெரியாமல் போவது, குழப்பம், வலிப்பு

இதய ஆஞ்சியோவோ மூளை ஆஞ்சியோவோ முடிந்து வார்டுக்கு வந்தவர் "லைட்டைப் போடுங்க, இருட்டா இருக்கு" என்கிறார். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது. பார்வை மட்டும் இல்லை. இது காண்ட்ராஸ்ட்டால் வரும் மூளைப் பாதிப்பாக இருக்கலாம். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் காண்ட்ராஸ்ட் கடந்துபோய், குறிப்பாக மூளையின் பின்பக்கத்திலுள்ள பார்வைப் பகுதியை எரிச்சலூட்டுகிறது. குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு ஆகியவையும் வரலாம். அதிக அளவு காண்ட்ராஸ்ட், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் குறைபாடு உள்ளவரிடம் கூடுதலாகப் பார்க்கலாம்.

முதல் கடமை பக்கவாதத்தையும் ரத்தக் கசிவையும் விலக்குவது. இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண சி.டி.யில் மூளை மடிப்புகளில் தேங்கிய காண்ட்ராஸ்ட் வெள்ளையாகத் தெரிந்து, சப்அரக்னாய்டு ரத்தக் கசிவைப் போலவே இருக்கும். டூயல் எனர்ஜி சி.டி. இருந்தால் அயோடினையும் ரத்தத்தையும் பிரித்துக் காட்டும். இல்லையென்றால் எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் பாருங்கள். 24 மணி நேரம் கழித்து மறு சி.டி. எடுத்தால் காண்ட்ராஸ்ட் வடிந்திருக்கும், ரத்தம் அப்படியே இருக்கும். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். குடும்பத்திடம் இதைச் சொல்லுங்கள். பார்வை போனவரின் பயத்துக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய மருந்து.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. முதுகுத் தண்டு நீரில் போடலாம் என்று அனுமதி பெற்ற காண்ட்ராஸ்ட் மிகச் சில. அயோஹெக்சால், அயோபமிடால் அவற்றில் உண்டு. டயாட்ரிசோயேட் போன்ற அயனி வகையைத் தவறுதலாக மைலோகிராமுக்கு (தண்டு நீரில் காண்ட்ராஸ்ட் ஏற்றி எடுக்கும் முதுகுத் தண்டுப் படம்) போட்டால், காலில் தொடங்கி மேலேறும் வலிப்பும் மரணமும் நேரும். ஆம்பூலை உடைக்குமுன் இருவர் சத்தமாகப் பெயர் படிக்கும் வழக்கத்தை மைலோகிராம் அறையில் கட்டாயமாக்குங்கள்.

இதே நேர எல்லையில் வரும் இன்னும் மூன்று. மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவருக்கு முதல் நாளில் மூச்சுத் தசை தளரலாம், கண்காணிப்பில் வையுங்கள். சில மணி நேரத்தில் தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம் என்றால் பிளேட்லெட் எண்ணிப் பாருங்கள். காண்ட்ராஸ்ட்டால் திடீரென மிகக் குறைந்து சில நாளில் மீளும் நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இதயம் நன்றாக இருந்தும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இன்னொன்று.

தாடை வீக்கம்: அயோடைடு மம்ப்ஸ்

தொடக்கத்தில் சொன்ன வீக்கத்தின் பெயர் இது. காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் சுரப்பியும் தாடைக்குக் கீழுள்ள சுரப்பியும், பெரும்பாலும் இரண்டு பக்கமும், சில நிமிடத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வீங்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் தைராய்டைப் போலவே ரத்தத்திலிருந்து அயோடைடை இழுத்துச் சேர்க்கின்றன. அது குவிந்து நாளம் வீங்கி அடைபடுகிறது. சிறுநீரகம் பலவீனமானவரிடம் அயோடைடு வெளியேறத் தாமதமாவதால் வாய்ப்பு அதிகம், ஆனால் நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கும் வரும்.

அனஃபிலாக்சிஸின் ஆஞ்சியோ எடிமாவிலிருந்து பிரிப்பது எளிது. இதில் உதடும் நாக்கும் வீங்காது, அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, தொட்டால் சுரப்பியின் வடிவம் விரலுக்குப் பிடிபடும். சீழ் வந்த சுரப்பி என்றால் ஒரு பக்கமே இருக்கும், சூடாக இருக்கும், வாய்க்குள் நாளத் துளையில் சீழ் தெரியும். செய்ய வேண்டியது தண்ணீர் நிறையக் குடிப்பது, வெதுவெதுப்பான ஒத்தடம், வலி இருந்தால் பாரசிட்டமால். சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். ஆன்டிபயாடிக் தேவையில்லை. மூச்சுப்பாதையை அழுத்தும் அளவுக்கு வீங்குவது மிக அரிது. அடுத்த முறை வேறு காண்ட்ராஸ்ட் போட்டாலும் திரும்ப வரலாம், ஏனென்றால் அயோடைடு எல்லாவற்றிலும் உண்டு. முன்கூட்டிக் கொடுக்கும் ஸ்டீராய்டு இதை நம்பகமாகத் தடுப்பதில்லை. எனவே தேவையான ஸ்கேனை இதற்காக நிறுத்த வேண்டாம், நோயாளியிடம் முன்னரே சொல்லி வையுங்கள்.

முதல் வாரம்: தோல்

ஒரு மணி நேரத்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் வருபவை தாமத எதிர்வினைகள். மார்பிலும் முதுகிலும் சிவந்த புள்ளித் தடிப்பு, அரிப்பு. இரண்டு மூன்றாம் நாளில் தெரிந்து ஒரு வாரத்தில் அடங்கும். அயோடிக்சனால் போன்ற டைமர் (இரட்டை மூலக்கூறு) வகையில் சற்றுக் கூடுதல். இவற்றை டி செல்கள் உண்டாக்குகின்றன, அதனால் அட்ரினலினுக்கு இங்கே வேலை இல்லை. அரிப்பு மாத்திரையும் தடவும் ஸ்டீராய்டும் போதும். தொடை இடுக்கு, பிட்டம் மட்டும் இரு பக்கமும் ஒரே அளவில் சிவப்பது ஒரு தனி வகை. ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் அதே இடத்தில் கருஞ்சிவப்புப் படை வந்து தழும்பாக நிற்பது இன்னொன்று.

உயிரைப் பறிக்கக்கூடியவை இவற்றுக்குள் ஒளிந்திருக்கும். காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், தோலைத் தொட்டால் வலி, கொப்புளம், தோல் உரிவது, முகம் வீங்குவது, நெறி கட்டுவது. இதில் எதுவும் தெரிந்தால் வீட்டில் இருக்கக் கூடாது. ஸ்டீவன்ஸ் ஜான்சன், அதன் தீவிர வடிவமான டென், சீழ்க்கொப்புளங்கள் பரவும் ஏ.ஜி.இ.பி., கல்லீரலையும் சேர்த்துப் பாதிக்கும் ட்ரெஸ் ஆகியவை அயோடின் காண்ட்ராஸ்ட்டுக்குப் பின் பதிவானவை. சில வாரம் தள்ளியும் வரும். மீண்டும் அதே காண்ட்ராஸ்ட் ஏறினால் முன்பைவிட விரைவாகவும் கடுமையாகவும் வரலாம். இவர்களுக்குத் தோல் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அயோடின் காண்ட்ராஸ்ட்டே வேண்டாம். ஸ்டீராய்டு முன்மருந்து இங்கே காப்பாற்றாது.

வாரங்கள், மாதங்கள்: தைராய்டு

350 செறிவுள்ள (மி.லி.க்கு 350 மி.கி. அயோடின்) காண்ட்ராஸ்ட் 100 மி.லி.யில் 35 கிராம் அயோடின். பெரும்பகுதி மூலக்கூறோடு இறுகியிருந்தாலும் தனித்து மிதக்கும் அயோடைடு மட்டுமே சில ஆயிரம் மைக்ரோகிராம் வரை போகலாம். ஒரு நாள் தேவை 150 மைக்ரோகிராம்.

கழுத்தில் கட்டிகளோடு உள்ள பழைய கழலைக்காரருக்கு இந்த வெள்ளம் தைராய்டை முடுக்கிவிடும். ஸ்கேன் எடுத்து இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் எடை குறைவு, கை நடுக்கம், தூக்கமின்மை, ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. வயதானவரிடம் மற்றவை தெரியாமல் துடிப்புக் கோளாறு மட்டுமே தெரியலாம். இத்தகையவருக்குச் சில வாரம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள். கைக்குழந்தைகளுக்கு நேர்மாறாகத் தைராய்டு தூங்கிவிடும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2022-இல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காண்ட்ராஸ்ட் போட்ட மூன்று வாரத்துக்குள் தைராய்டு சோதிக்கப் பரிந்துரைத்தது. குறைமாதக் குழந்தைகள், இதயக் கோளாறோடு பிறந்தவர்கள் முக்கியம். தைராய்டு புற்றுக்கு ரேடியோ அயோடின் திட்டமிட்டிருந்தால், அதற்கு முந்தைய இரண்டு மாதம் காண்ட்ராஸ்ட் சி.டி.யைத் தவிர்க்க வேண்டும். சுரப்பி நிரம்பிக் கிடந்தால் சிகிச்சை உள்ளே ஏறாது.

கடோலினியத்தில் தனியாகப் பார்க்க வேண்டியவை

அளவுத் தவறு முதலில். பெரும்பாலான கடோலினியம் 0.5 மோலார், கிலோவுக்கு 0.2 மி.லி. கடோபுட்ரால் மட்டும் 1 மோலார், கிலோவுக்கு 0.1 மி.லி. 60 கிலோ நோயாளிக்கு 12-க்குப் பதில் 6 மி.லி. பழக்கத்தில் 12 இழுத்தால் இரட்டிப்பு.

நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ் என்பது சிறுநீரகம் செயலிழந்தவரின் தோல் கால்களிலிருந்து தடித்து இறுகி மூட்டுகள் மடங்கிப்போகும் நோய். 1997-இல் முதலில் கவனிக்கப்பட்டது, கடோலினியத்தோடு தொடர்பு 2006-இல்தான் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. காரணம் பெரும்பாலும் நேர்கோட்டு வகையான கடோடயாமைடு, கடோபென்டெடேட், கடோவர்செட்டமைடு. ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழ் உள்ளவருக்கு இவை வேண்டாம். கடோடெரேட், கடோபுட்ரால், கடோடெரிடால் போன்றவற்றில் ஆபத்து மிக மிகக் குறைவு. கடும் சிறுநீரகக் குறைபாடுள்ள 4,931 பேருக்குப் போட்டதைத் தொகுத்த 2020 ஆய்வில் ஒருவருக்கும் வரவில்லை. டயாலிசிஸ் நோயாளிக்கு ஸ்கேனை டயாலிசிஸுக்குச் சற்று முன் வையுங்கள்.

கடோடயாமைடு போட்ட அன்று ரத்தக் கால்சியம் பார்த்தால், சில நிறமானி முறைகளில் பொய்யாக மிகக் குறைவாகக் காட்டும். நோயாளிக்கு விரல் இழுப்போ மரப்போ இருக்காது. இதை நம்பி நரம்பில் கால்சியம் ஏற்றியிருக்கிறார்கள். அயனிக் கால்சியம் பாருங்கள், அல்லது மறுநாள் எடுங்கள்.

கல்லீரலுக்குப் போடும் கடோக்செட்டேட்டில் தமனிக் கட்டத்தில் சில வினாடி மூச்சு வாங்கும். தானே போகும், படம்தான் ஆடும்.

கடைசிப் படி: கையில் ஒரு சீட்டு

"காண்ட்ராஸ்ட் அலர்ஜி" என்று மட்டும் எழுதிய சீட்டால் அடுத்த மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எழுதுங்கள்:

"அயோஹெக்சால் 350, 80 மி.லி., வினாடிக்கு 3 மி.லி., பேட்ச் எண் ........ ஊசி காலை 10.42. குரல் கரகரப்பு, வீசிங் 10.47. பி.பி. 70/40, நாடி 128, ஆக்சிஜன் 86%. அட்ரினலின் 0.5 மி.கி. தொடையில் 10.49, மீண்டும் 10.54. பி.பி. 110/70 ஆனது 11.05. ட்ரிப்டேஸ் எடுக்கப்பட்டது 12.00."

இந்த ஐந்தாறு வரியை ஃபைலில் ஒரு பிரதி, நோயாளி கையில் ஒரு பிரதி, அவர் செல்ஃபோனில் ஒரு படம். கூடவே, ஒன்றுமே ஆகாமல் வீட்டுக்குப் போகும் எல்லோர் கையிலும் காண்ட்ராஸ்ட்டின் பெயரும் தேதியும் எழுதிய சிறு துண்டு. அதன் கீழே "ஒரு வாரத்துக்குள் தடிப்பு, தாடை வீக்கம், காய்ச்சல், கை வலி எது வந்தாலும் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்" என்ற ஒரு வரி.

இந்தியாவில் மருந்தின் பாதகமான விளைவுகளை யார் வேண்டுமானாலும், நோயாளியே கூட, மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் நடத்துவது. கட்டணமில்லா எண் 1800-180-3024. காண்ட்ராஸ்ட்தான் காரணம் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை, சந்தேகம் போதும்.